சின்னக் கூடை, பெரிய கூடை

ஜனவரி 8, திங்கள்

எடை 84. போன திங்களும் 84. அதற்கு முந்தின திங்களும் அதுவே. மெஷினுக்கு என்மேல் ஏதோ கோபம்.

எங்கள் பார்சல் ஆபீஸில் திங்கள்கிழமை ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலை இதுதான். சரக்கு வந்து குவிவதற்குள் வரிசையாக எடை மெஷினில் ஏறிவிடுவோம். நான், தம்பி, தம்பி மனைவி, லோடுமேன் பென்சில். தம்பி மனைவிக்கு நர்சரிப் பள்ளியில் வேலை, அதனால் வீட்டிலும் டீச்சர் என்றே பெயர். பென்சில் என்பது அவன் உடம்பைப் பார்த்து எவனோ குறும்புக்காரன் வைத்தது. அவன் ஏறினால் மெஷின் முனகும்.

மாசக் கடைசியில் யார் அதிகம் குறைந்திருக்கிறார்களோ, அவருக்கு அடுத்த மாசம் முழுக்க ஃபேனுக்கு நேரே இருக்கும் நாற்காலி. டிசம்பரில் டீச்சர் ஜெயித்தாள். அவள் பள்ளிக்கூடம் போனதும் தம்பி அதில் உட்கார்ந்து காற்று வாங்குகிறான். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்ல?

அவனுக்குப் போட்டியே விளையாட்டுதான். கை கால் குச்சி. தொப்பை மட்டும் சட்டைக்குள் எதையோ ஒளித்துவைத்த மாதிரி முன்னால் நிற்கும். 68 கிலோ. இறங்கிவிட்டு, "அக்கா, நீ ஏறினா ரசீது போடணும். லாரி வாடகை தனி" என்றான். சொன்ன கையோடு வாசலுக்குப் போய் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத ஜென்மம். அப்பா போனதிலிருந்து இந்த ஆபீஸை நானும் அவனும்தான் இழுத்துக்கொண்டு போகிறோம். அவன் இல்லாத ஒரு நாள் ஓட்டிப் பார்த்தேன், போன வருஷம். வேண்டாம் சாமி.

ஜனவரி 11, வியாழன்

டாக்டரம்மாவிடம் போய்வந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை தம்பியை இழுத்துக்கொண்டு போவது என் வழக்கம். பூனையைக் குளிப்பாட்டுவது இதைவிட லேசு.

எனக்குச் சக்கரை, பிரஷர், ரத்தத்தில் கொழுப்பு — மூன்றும் "கொஞ்சம் மேலே". டாக்டரம்மா என் எடையைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. தையல்காரர் மாதிரி டேப்பை எடுத்து இடுப்பைச் சுற்றி அளந்தார். "எடையை விட எனக்கு இதுதான் முக்கியம்" என்றார். பின்னால் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவனை, "நீங்களும் வாங்க" என்று கூப்பிட்டு அளந்தார். அவன் உடம்புக்கு அந்தத் தொப்பை ரொம்ப அதிகமாம். சக்கரை என்னைவிட மேலே! ஒல்லிப்பயலுக்கு என்னைவிட மேலே! எனக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என் நாட்குறிப்பில் எழுத எனக்கென்ன வெட்கம்.

"வெளியில ஒல்லி, உள்ள குண்டு. இப்படியும் ஒரு வகை இருக்கு" என்றார் டாக்டரம்மா. "சிகரெட் உண்டா?"

"எப்பவாவது டாக்டர்."

"தூங்கும்போது பிடிக்கிறதில்ல டாக்டர்" என்றேன் நான்.

வீடு வந்து சேரும்வரை தம்பி என்னோடு பேசவில்லை. அவனுக்குச் சக்கரைக்கு மாத்திரை எழுதிக்கொடுத்திருக்கிறார். வாங்கினான். அலமாரியில் வைத்துப் பூட்டினான். "ஒல்லியா இருக்கிறவனுக்கு ஒண்ணும் வராதுக்கா" என்கிறான். இவன் படித்த வைத்தியம்.

ஜனவரி 22, திங்கள்

84.2. போகட்டும்.

இன்றைக்கு ஒரு நல்ல செய்தி. லாரி டிரைவர் ஒருவர் போனில் காட்டினார் — குண்டாக இருப்பவர்களுக்கு நுரையீரல் புற்று வருவது குறைவாம்! பெரிய ஆராய்ச்சியாம். நான் சத்தமாக இரண்டு தரம் படித்தேன். தம்பி வாசலில் புகைவிட்டுக்கொண்டு நின்றான். "கேட்டியாடா? எனக்குப் பாதுகாப்பு இருக்கு. உனக்குத்தான் ஒண்ணும் இல்ல" என்றேன்.

கொண்டாட்டமாக கிரீம் பன் இரண்டு. சாயங்கால நடை ரத்து. டீச்சர் தனியாக நடந்துவிட்டு வந்து, "அண்ணி, இது உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றாள். ரொம்ப நன்றாக இருந்தது. மேலே ரோஸ் நிற கிரீம்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சக்கரை பார்க்கப் போன இடத்தில் டாக்டரம்மாவிடம் அந்த ஆராய்ச்சியைப் பெருமையாகச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று, கிரீம் பன்னுக்கு ஆயுசு முடிந்தது என்று.

அவர் சொன்னதை மறப்பதற்குள் எழுதிவைக்கிறேன். அப்படி ஒரு கணக்கு வந்தது நிஜம்தானாம். ஆனால் சிகரெட் பிடிக்கிறவர்களில் நிறையப் பேர் ஒல்லி. "ஒல்லி அவங்களைக் கெடுக்கல, சிகரெட் கெடுக்குது. அதோட, நோய் உள்ள வந்துட்டா கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே எடை குறைய ஆரம்பிச்சிடும். அப்போ கணக்கெடுத்தா, ஒல்லியா இருக்கிறவங்க பக்கம்தானே நோய் அதிகமா தெரியும்?" என்றார். அப்புறம் என் இடுப்பைக் காட்டி, "இங்க சேர்ற கொழுப்பு, சக்கரை, பிரஷர் எல்லாம் ஒண்ணா சேர்ந்தா இந்தப் புற்றுக்கும் ஆபத்து கொஞ்சம் கூடுதுன்னு சில ஆராய்ச்சி சொல்லுது. இன்னும் முடிவா தெரியல. சிகரெட் அளவுக்குக் கிடையாது. ஆனா பாதுகாப்புன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க" என்றார்.

சரி, நான் குறைத்தால் நல்லதுதானே என்று கேட்டேன். "நீங்க நடந்து, சாப்பாட்டைப் பார்த்துக் குறைச்சா ரொம்ப நல்லது. ஒண்ணுமே செய்யாம தானா குறைஞ்சாதான் எனக்குக் கவலை" என்றார்.

எனக்கு அந்தக் கவலையே தேவையில்லை டாக்டர், என் உடம்பைவிட்டு எதுவும் தானாகப் போகாது என்றேன். சிரித்துக்கொண்டே வந்தேன். நடையை மறுபடி ஆரம்பித்தாயிற்று. டீச்சர் வேகமாக நடக்கிறாள். நான் பின்னாலேயே போய்ப் பழைய கதை பேசி அவளை மெதுவாக்குகிறேன்.

பிப்ரவரி 19, திங்கள்

83.4! எண்ணூறு கிராம் போயிற்று! எந்தப் பக்கம் போயிற்று என்று கண்ணாடியில் தேடிப் பார்த்தேன்.

தம்பி வழக்கம்போல் சிகரெட்டை முடித்துவிட்டுக் கடைசியாக வந்தான். அதற்குள் பென்சில் காலைச் சரக்கை எடைபோடத் தொடங்கியிருந்தான். தம்பி ஏறினான். 66. "ரெண்டு கிலோ போச்சு. நாற்காலி எனக்கு" என்று துள்ளினான்.

விடுவேனா? உதிரிச் சரக்கை நாங்கள் பிளாஸ்டிக் கூடையில் வைத்துத்தான் எடைபோடுவோம். கூடையின் எடையை மெஷினே கழித்துக்கொள்ள ஒரு பட்டன் உண்டு. மறுபடி அமுக்கி நேராக்காவிட்டால் அடுத்து ஏறுவதிலும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும். பழைய மெஷின் வேறு, மேலே ஒன்றும் இல்லாதபோது திரை இருண்டு கிடக்கும், பார்த்தால் தெரியாது. சின்னக் கூடை இரண்டு கிலோ, பெரிய கூடை நாலு. "பென்சில் சின்னக் கூடை போட்டிருக்கான். அந்தக் கழிவுடா இது. செல்லாது!" என்றேன். பென்சில் தலையைச் சொறிந்தான். பட்டனைத் தொட்டேனா இல்லையா என்று அவனுக்கே ஞாபகமில்லை. தம்பியும் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான்.

மார்ச் 4, திங்கள்

தம்பி 64. "பெரிய கூடை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். நாற்காலி எனக்கே! காற்று பிரமாதம்.

மார்ச் 13, புதன்

டீச்சர் தம்பியின் பேண்ட்டை இடுப்பில் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தொப்பை கரைகிறதாம். சந்தோஷமாகச் சொன்னாள். எதிர்க்கடைக்காரர்கூட, "என்ன, ஹீரோ மாதிரி ஆயிட்டீங்க" என்றாராம். அவனுக்குத் தலைகால் புரியவில்லை. இருமல்தான் விடுகிறதில்லை. அட்டைப் பெட்டித் தூசி என்கிறான்.

மார்ச் 20, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்ப்போம்.

மத்தியானம் ஒரு வாடிக்கையாளர், தலையணை வியாபாரி, மூட்டையோடு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் தம்பி சும்மா விளையாட்டுக்கு மெஷினில் ஏறினான். 62. "பாத்தியாக்கா, ரெண்டு கூடையையும் சேர்த்துக் கழிச்சிருக்கான் பென்சில்" என்று சிரித்துக்கொண்டே இறங்கினான். அந்த மனுஷர் பிடித்துக்கொண்டார். "நீங்களே மெஷின் தப்புன்னு சொல்றீங்க. அப்புறம் எதை நம்பி நான் எடை போடுறது?"

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. எங்கள் ஆபீஸ் மெஷினையா! யாரும் பட்டனைத் தொடாதீங்க என்று சொல்லிவிட்டு, முத்திரை போட்ட இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கி நானே வைத்தேன். சரியாக இருபது. ஒரு கிராம் கூடக் குறையவில்லை. "பாத்துக்கோங்க!" என்றேன். அவர் வாயை மூடிக்கொண்டார். ரசீது எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். ஜெயித்த சந்தோஷத்தில் கல்லைத் தூக்கித் திரும்ப வைக்கப்போனேன்.

அங்கேயே நின்றுவிட்டேன்.

எந்தக் கழிவும் இல்லை. மெஷின் சரியாக இருக்கிறது. அப்படியானால் 62-ம் சரி.

"டேய், திரும்ப ஏறு" என்றேன். ஏறினான். 62. அவன் முகத்தை அப்போதுதான் பார்த்தேன், தினம் பார்க்கிற முகத்தை. கன்னத்தில் ஒன்றுமே இல்லை. நடக்கிறானா? இல்லை. சாப்பாட்டைக் குறைத்தானா? இல்லை. டாக்டரம்மா சொன்னாங்களே, தானா குறைஞ்சாதான் கவலைன்னு. என்கிட்டதானே சொன்னாங்க. நான் சிரிச்சுட்டு வந்தேனே. சின்னக் கூடையாம், பெரிய கூடையாம். ஒரு ஃபேனுக்காக!

"ஏன்க்கா அழற? உனக்கு நாற்காலி போயிடும்னா?" என்று கேட்டான் அந்தப் பாவி.

மார்ச் 21, வியாழன்

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சக்கரை எக்கச்சக்கம். "இதுனாலயே எடை குறையலாம்" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்த வாக்கியத்தில், "ஆனா இவ்வளவு வருஷ சிகரெட், விடாத இருமல். நெஞ்சுப் படம் எடுக்காம விட மாட்டேன்" என்றார்.

படத்தில் வலது பக்கம் மேலே ஒரு புள்ளி. புள்ளிதான். அதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாதாம், ஸ்கேன் எடுக்க வேண்டுமாம்.

டீச்சர் அவன் பேண்ட்டில் தான் போட்ட தையலையே தடவிக்கொண்டு இருந்தாள்.

மார்ச் 27, புதன்

ஸ்கேன். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்திருக்கிறார்கள். பதில் வரக் காத்திருக்க வேண்டும்.

அவன் சிகரெட் பெட்டியைப் பென்சிலிடம் கொடுத்து, "நான் கேட்டாலும் குடுக்காத" என்றானாம். ஒரு மணி நேரத்தில் அவனே போய்க் கேட்டானாம். பென்சில் அதை இருமுடிச்சுப் போட்டுக் கட்டி, ஒட்டி, முகவரி இல்லாத பார்சலாக மேல்தட்டில் ஏற்றிவிட்டானாம். சிரித்தேன். எத்தனை நாளுக்கு அப்புறமோ.

ஏப்ரல் 5, வெள்ளி

புற்றுதான்.

எழுதிவிட்டேன். எழுதினால் பூதம் ஒன்றும் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் எப்போதும்போலக் கேட்கிறது.

சின்னது. வேறெங்கும் போன மாதிரி தெரியவில்லை. நுரையீரலில் அந்த ஒரு பகுதியை எடுத்துவிடலாம் என்கிறார் அறுவை டாக்டர், பெரிய கைகள், மெதுவான பேச்சு. சக்கரை கட்டுக்குள் வர வேண்டும், உடம்பில் தெம்பு ஏற வேண்டும், அப்புறம்தான் கத்தி. எடை குறைந்தது எதனால் என்று கேட்டேன். "சக்கரையா இருக்கலாம், இதுவா இருக்கலாம், ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம். எதுவா இருந்தா என்ன? குறைஞ்சதை நீங்க கவனிச்சதாலதான் இங்க வந்தீங்க" என்றார்.

நான் கவனிச்சேனாம். தலையணை வியாபாரி சண்டை போட்டிருக்காவிட்டால் நான் இன்னும் காற்று வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடுத்த தடவை வந்தால் உட்காரவைத்து டீ கொடுக்க வேண்டும். ஏன் என்று தெரியாமல் முழிப்பார். முழிக்கட்டும்.

ஏப்ரல் 18, வியாழன்

ஒரே சமையலறை, இரண்டு கட்சி. நான் இளைக்க வேண்டும். அவன் தேற வேண்டும், ஆனால் சக்கரை ஏறக்கூடாது. அவனுக்கு முட்டை, மீன், பருப்பு. எனக்கும் அதுவேதான், பாதித் தட்டு, மீதி காய்கறி. டீச்சர் இரண்டு தட்டையும் கரும்பலகையில் பாடம் நடத்துகிற மாதிரி பிரித்து வைக்கிறாள். மாத்திரை இப்போது பூட்டுக்குள் இல்லை. அவளே கையில் கொடுத்து, விழுங்கினானா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். நர்சரிப் பிள்ளைகளிடம் பழகின கை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து உள்ள ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். குழாய் வழியாக மூச்சை உள்ளே இழுத்தால் பந்துகள் எழும்ப வேண்டும். அவனுக்கு ஒன்றுதான் எழும்பியது. என்னிடம் நீட்டினான். எனக்கும் ஒன்றுதான்! பென்சில் இழுத்தான், மூன்றும் கூரையில் முட்டி நின்றன. "அண்ணனுக்குக் கொஞ்சம் கடன் குடுக்கலாம்க்கா" என்றான்.

சாயங்காலம் தம்பி என்னிடம் தனியாகக் கேட்டான், "அக்கா, எனக்கு எதுனா ஆயிட்டா டீச்சரைப் பாத்துக்குவதானே?" நான், "அவதான்டா என்னைப் பாத்துக்கிறா" என்றேன். பந்து டப்பாவை எடுத்து அவன் கையில் திணித்தேன்.

மே 2, வியாழன்

காலையில் தம்பியை அறுவைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வராண்டாவை எத்தனை தரம் நடந்தேன் என்று கணக்கில்லை. டீச்சர், "அண்ணி, உக்காருங்க" என்றாள். நடைப்பயிற்சி என்றேன். மத்தியானம் பெரிய கை டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்து, "நல்லபடியா எடுத்துட்டோம்" என்றார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. உளறியிருப்பேன்.

மே 3, வெள்ளி

கண்ணைத் திறந்து கேட்ட முதல் கேள்வி: "ஆபீஸை யாரு பாக்குறா?"

மே 20, திங்கள்

வீட்டில் இருக்கிறான். எடுத்த பகுதியைச் சுற்றியிருந்த நெறிக்கட்டிகளில் ஒன்றும் இல்லை என்று அறிக்கை வந்துவிட்டது. இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். டீச்சர் அதைக் கேட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். நானும் பக்கத்தில் போய் நின்று துடைத்து வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

எனக்கு இடுப்பில் ஏழு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறது! எடை வெறும் மூன்று கிலோதான், ஆனால் சக்கரையும் பிரஷரும் இறங்கிவிட்டன. டாக்டரம்மா டேப்பை மாலை மாதிரி என் கழுத்தில் போட்டார். வரும் வழியில் எனக்கு நானே ஒரு புடவை வாங்கிக்கொண்டேன். பெருமைதான். பட்டுவிட்டுப் போகிறேன்.

போட்டியை நிறுத்திவிட்டோம். எடை மட்டும் பார்க்கிறோம். குறைந்தால் ஏன், கூடினால் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் இறங்க விடுகிறேன். பென்சிலுக்கு இது போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறதாம்.

ஜூலை 9, செவ்வாய்

தம்பி ஆபீஸுக்கு வந்தான். அரை நாள்தான்.

உடம்பு தேறிவருகிறது. பேச்சுதான் தேறவில்லை. நாலு வார்த்தை, ஒரு நிறுத்தம். மறுபடி நாலு வார்த்தை. ஒருவர் சரக்கு எங்கே என்று கேட்டார். இவன் மூச்சு வாங்கிப் பதில் சொல்வதற்குள் அவர் என் பக்கம் திரும்பிவிட்டார். தம்பி நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அப்புறம் பகல் முழுக்க ஒரு கிண்டல் இல்லை, ஒரு சத்தம் இல்லை. நானே வாயைக் கொடுத்துப் பார்த்தேன், புடவை எப்படி என்று. "நல்லா இருக்கு" என்றான். நல்லா இருக்கா! என் தம்பியா சொன்னான்?

மீதமிருக்கிற நுரையீரல் மெல்லப் பழகிக்கொள்ளும், தினம் நடக்கட்டும், டப்பாவை விடாமல் இழுக்கட்டும் என்கிறார்கள். மூன்று பேருமாகச் சாயங்காலம் நடக்கிறோம். இப்போது டீச்சர் இரண்டு பேருக்காக மெதுவாக நடக்கிறாள். உயிர் கிடைத்ததே பெரிது, பேச்சுக்கு என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். மனசு கேட்கவில்லை. எனக்கு அவன் வாயும் வேண்டும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

தம்பி 66. நடந்து, சாப்பிட்டு, மாத்திரை போட்டு ஏறின 66. டாக்டரம்மாவே சரி என்றுவிட்டார். ஸ்கேனும் சுத்தம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையிலிருந்து சரக்கு. கண்ணாடிச் சாமான் பெட்டிகள் லாரியில் அடியில் போய், மேலே பம்புசெட் ஏறிவிட்டது. தம்பி லாரியைச் சுற்றி வந்தான். பார்த்தான். நான் ஆபீஸுக்குள் மேஜையில் இருந்தேன், அவன் முற்றத்தின் அந்தக் கோடியில்.

அங்கிருந்து ஆரம்பித்தான். "யாருக்கா இதை ஏத்தச் சொன்னது? கண்ணாடின்னு இவ்ளோ பெரிசா எழுதியிருக்கே, கண்ணு எங்க இருந்தது? ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் லேட்டா வந்தா இந்த ஆபீஸ் இப்படித்தான் நடக்குமா? புதுப் புடவை கட்டிக்கிட்டு உக்காந்தா சரக்கு தானா ஏறிக்குமா? உடைஞ்சா யாரு பதில் சொல்றது, நீயா, பென்சிலா?"

பென்சில் கையில் பெட்டியோடு அப்படியே நின்றான். வாடிக்கையாளர்கள் ஒதுங்கினார்கள். இன்றைக்குப் பள்ளி சீக்கிரம் விட்டதால் மாடி வீட்டில் இருந்த டீச்சர் படியில் பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "என்னாச்சு அண்ணி? ஏன் அழறீங்க?"

"கத்துறான்மா" என்றேன்.

அவள் நின்று கேட்டாள். அவளுக்கும் புரிந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். அவன் பாட்டுக்கு லாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டே கத்திக்கொண்டிருந்தான். நடுவில் மூச்சு வாங்க ஒருமுறைகூட நிற்கவில்லை.

உண்மையில் அந்தப் பெட்டிகளை அடியில் ஏற்றச் சொன்னதே அவன்தான், நேற்றுச் சாயங்காலம், பென்சிலிடம். நானே காதால் கேட்டேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.